சொல்லி உடறனுங்க

எடுக்கவே போகாத ஒரு படத்துக்கு டிரெய்லர் எடுத்து வரச் சொன்னார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் நான் சினிமா படித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி அது. முழுப்படம் எடுக்கக் கல்லூரியிலும் வசதி இல்லை, எங்களிடமும் இல்லை. ஆனால் படம் ஒன்று இருப்பதாகப் பாவனை செய்து, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையை மூன்று நிமிஷத்தில் உண்டாக்க வேண்டும். யாருக்கு எந்த வகைப் படம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நான் எடுத்த சீட்டில் ‘சமூக யதார்த்தம்’ என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்குப் பேய்ப் படம். அவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்து வயிறெரிந்தேன்.

எங்கள் ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். டிரெய்லர் பார்த்துவிட்டு வெளியே போகிறவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும் என்றார். கதையில் யாருக்கு, என்ன கையைவிட்டுப் போகப்போகிறது. மற்றதெல்லாம் அவன் டிக்கெட் வாங்கித் தெரிந்துகொள்வான். இதைச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு சுருள் கருப்பு வெள்ளைப் பிலிமைக் கொடுத்து அனுப்பிவிட்டார். காமிரா சாவி கொடுத்து ஓட்டுகிற வகை. முழுசாக முறுக்கினாலும் அரை நிமிஷம் ஓடுவதற்குள் மூச்சு நின்றுவிடும். குரலைத் தனியாக டேப்பில் பிடித்து அப்புறம் ஒட்டவைக்க வேண்டும். அதனால் எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே தாளில் போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சினிமா என்றால் காமிராவுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவது என்று நினைத்துச் சேர்ந்தவன் நான். பெரும்பாலும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சினிமா என்று அப்போதுதான் தெரிந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒருவருக்கு வேலை போகிறது. அதுதான் என் கதை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான். வேலை போவது எப்படி இருக்கும் என்பதும் எங்கள் வீட்டில் பார்த்தது.

என்னோடு வந்தவன் ஒளிப்பதிவு படித்த நண்பன். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். நல்ல கண், நல்ல மனசு, ஓயாத வாய். தொழிற்சாலை என்றால் வானத்தை முட்டும் புகைபோக்கியும், சங்கு ஊதியதும் கூட்டமாக வெளியே வரும் ஜனமும் என்று கற்பனை செய்து வந்திருந்தான். ஓடு வேய்ந்த நீளமான கட்டடத்தைக் காட்டி இதுதான் கம்பெனி என்றபோது, “சிம்னி எங்கே?” என்று கேட்டான். பனியனுக்கு எதற்குச் சிம்னி? இரண்டு நாள் அந்த ஏமாற்றத்திலேயே இருந்தான்.

ஊரில் இறங்கியதுமே இன்னொரு வேடிக்கை. டிரெய்லர் எடுக்க வந்திருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அவிநாசிப் பக்கம் தோட்டம் உண்டு. முகம் மலர்ந்து போய், டிராக்டர் எப்போது வாங்கினோம் என்று விசாரித்தார். இது வேறு டிரெய்லர், சினிமா டிரெய்லர் என்று விளக்கியும் அவர் திருப்தியடையவில்லை. இந்தப் பையன் படித்துக் கெட்டுவிட்டான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியை மேஜையின்மேல் பல மடிப்பாக விரித்து, அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸில் கோடு இழுத்து, நீளக் கத்தியால் அத்தனை மடிப்பையும் சேர்த்து வெட்டும் வேலை. கை கொஞ்சம் நடுங்கினாலும் அடுக்கு முழுவதும் வீண். அதனால் கட்டிங் மாஸ்டருக்குக் கம்பெனியில் தனி மரியாதை உண்டு. முதலாளியே “வாங்க மாஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார்.

நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருந்தபோது நூல் விலை ஏறிக் கம்பெனிகள் தடுமாறின. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் கொடுத்த கையோடு முதலாளி அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருங்க மாஸ்டர். நானே சொல்லி உடறனுங்க.”

எங்கள் ஊரில் வளராதவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டும். நூல் வராமல் வேலை நின்றுபோகும் காலத்தில் ஆட்களை வீட்டில் இருக்கச் சொல்வார்கள். நூல் வந்ததும் ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பிவைப்பார்கள். அவன் வீட்டு வாசலில் ஒரு காலை ஊன்றி நின்று மணியடித்து, ‘மொதலாளி வரச் சொன்னாருங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். அதுதான் சொல்லி விடுவது. நிஜமாகவே சொல்லி விடுவார்கள். ஆனால் ஒருவரை ஒரேயடியாக நிறுத்துவதற்கும் இதே வார்த்தைதான், இதே குரல்தான், இதே ‘ங்க’தான். எது எந்தச் ‘சொல்லி உடறன்’ என்று கேட்கிறவருக்குப் பிடிபடாது. திரும்பப் போய்க் கேட்பது மரியாதையில்லை. அது முதலாளியின் வாக்கைச் சந்தேகப்படுவது ஆகும். வேறு கம்பெனிக்குப் போய்விட்டாலோ, சொல்லி விடுவதற்குள் அவசரப்பட்டு ஓடியவர் என்று பெயர் வரும். ஆக, மரியாதை தெரிந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இதைவிடச் சுத்தமாக ஒருவரைக் கட்டிப்போட முடியாது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்பா காத்திருந்தார். தினமும் வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழுந்து குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொண்டு, கதவுக்கு உள்பக்கமாக ஒரு மடக்கு நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்காருவார். அம்மாவும் அந்த நேரத்துக்கே சோறாக்கித் தூக்குப்போசியில் போட்டு வைப்பாள். ஆள் வந்து கூப்பிட்டால் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டுமல்லவா. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அப்பாவின் தலை லேசாக நிமிரும். மத்தியானம் ஆனதும் தூக்குப்போசியைத் திறந்து வீட்டுக்குள்ளேயே சாப்பிடுவார். மாதக்கணக்கில் இது நடந்தது. அப்புறம் காங்கேயம் ரோட்டில் ஒரு எண்ணெய் மில்லில் கொப்பரை எடை போடும் வேலை கிடைத்தது. அதற்குப் போகும்போதும் அப்பா, “மொதலாளி சொல்லி உடற வரைக்கும் சும்மா எதுக்கு இருக்கோணும்?” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘வரைக்கும்’ பல வருஷம் ஆகியும் முடியவில்லை. நாங்கள் காமிராவோடு போய் இறங்கியபோதும் அப்பா அந்த எண்ணெய் மில்லில்தான் இருந்தார், தற்காலிகமாக.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லி, டிரெய்லரின் மையம் அந்த வார்த்தைதான் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

“இதுவா வேலையை விட்டு எடுப்பது? எங்கள் பெரியப்பா தன் ஆளை லீவு கொடுத்து அனுப்புவது போல இருக்கிறது. கேட்கிறவன் முதலாளி தங்கமான மனுஷன் என்று கைதட்டுவான்” என்றான்.

அவனாகவே ஒரு வசனம் எழுதினான். முதலாளி மேஜையைக் குத்தி எழுந்து, ‘நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலை காட்டாதே, வெளியே போ!’ என்று கத்த வேண்டும். கதவு படாரென்று சாத்த வேண்டும். எங்கள் ஊரில் நாயைக்கூட அப்படி விரட்டமாட்டார்கள் என்று நான் சொன்னேன். அப்படியானால் உங்கள் ஊரில் சமூக யதார்த்தம் எடுக்க முடியாது, பக்திப் படம்தான் எடுக்கலாம் என்று அவன் சொன்னான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கடுப்போடு யோசித்துப் பார்த்தபோது, அவன் சொன்னதில் பாதி சரி என்று பட்டது. கொடுமை சத்தம் போட்டு வந்தால் காமிராவுக்குச் சுலபம். சிரித்த முகத்தோடு கைகூப்பி வந்தால் அதை எப்படிப் படம்பிடிப்பது? ஆசிரியர் கேட்ட இரண்டில் ‘யாருக்கு’ என்பது என்னிடம் இருந்தது. ‘என்ன போகிறது’ என்பதைக் காட்ட வழி தெரியவில்லை.

கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். முதலாளி அந்த வார்த்தையைச் சொல்லட்டும், எத்தனை நயமாக வேண்டுமானாலும் சொல்லட்டும். அடுத்து ஒரு நாற்காலி, சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர். சைக்கிள் மணி கேட்கிறது, தலை நிமிர்கிறது, சைக்கிள் நிற்காமல் போகிறது. அதையே மறுபடி, வேறு சட்டையில். மறுபடி, வெளுத்துப் போன சட்டையில். நான்காவது தடவை மணி கேட்கும்போது தலை நிமிரவில்லை. அங்கே படத்தின் பெயர். நண்பன் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இது நிற்கும் என்றான். அவன் அப்படிச் சொன்னால் பெரிய பாராட்டு.

இதை அடுக்களையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நண்பன் குளிக்கப் போன சமயம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். கையில் அரிவாள்மணையில் நறுக்கிய கத்திரிக்காய் அப்படியே இருந்தது.

“கண்ணு, உங்கப்பாவுக்கு வேலை போயிருச்சுன்னு இன்னமும் தெரியாது. மொதலாளி கூப்புடுவாருன்னுதான் இருக்கறாரு. நீ படத்தப் புடிச்சு அதை அவருக்குத் தெரிய வெச்சராத சாமி.”

அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தினமும் விடியலில் எழுந்து தூக்குப்போசி கட்டிக் கொடுத்தவள் அவள்தானே. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் வாரத்திலேயே, கம்பெனியில் அடுக்கிக் கட்டும் வேலை பார்க்கிற ஒரு பெண் சந்தைக்கடையில் பார்த்துச் சொல்லிவிட்டாளாம். முதலாளியின் மச்சினர் ஒருவர் மாஸ்டராக வந்துவிட்டார் என்று. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாளும் அதே நேரத்துக்கு உலை வைத்திருக்கிறாள். நான் அந்த நாற்காலியைப் படமெடுத்தால், அப்பா இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தது நாலு பேர் முன்னால் ஏமாளித்தனமாகிவிடும். அது அம்மாவுக்குத் தாங்காது. எனக்கும்தான். ஆனால் டிரெய்லரில் அந்த நாற்காலியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

யாரையாவது தெரியாத ஆளை உட்காரவைத்து எடுத்துவிடலாம், அப்பாவுக்குக் காட்டாமல் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அனுமதி கேட்க நண்பனோடு கம்பெனிக்குப் போனேன். எந்தக் கம்பெனிக்கு? வேறு எந்தக் கம்பெனியிலும் காமிராவை உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பாவின் பழைய முதலாளி ஒருவர்தான் சரி என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை. ஒரு காலத்தில் அவரே மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். இப்போதும் வேட்டியும் கை வைத்த பனியனுமாகத்தான் கல்லாவில் இருப்பார். எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். சினிமா என்றதும் கண் விரிந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படத்தில் வருகிற அத்தனை பேரும் புதுப் பனியன் போட்டிருக்க வேண்டும், அவரே கொடுப்பார். நண்பன் பதறிப்போய், தொழிலாளிகள் கிழிந்த பனியனில் இருந்தால்தான் யதார்த்தமாக இருக்கும் என்றான். முதலாளி நிஜமாகவே மனம் நொந்துபோனார். பனியன் கம்பெனியில் கிழிந்த பனியனைப் போட்டுப் படமெடுத்தால் அந்தச் சரக்கை எவன் வாங்குவான் என்று கேட்டார். வெள்ளை வெளேரென்று ஒரு வரிசை மனிதர்கள், அதற்கு நடுவில் சமூக யதார்த்தம். வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்று நண்பன் வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தான்.

முதலாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்று நான் மெதுவாக இழுத்தேன். நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்றார். அப்புறம் அவராகவே, மாஸ்டராக நடிக்கக் கத்தி பிடித்துப் பழகிய கை வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று யோசனை சொன்னார். அதோடு நின்றாரா?

“உங்கப்பாவையே வரச் சொல்லுங்க தம்பி. நல்லாருக்காருங்களா? ரொம்ப நாளா ஆளையே காணமே.”

ஆளையே காணோமாம். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் குரலில் ஒரு துளி கள்ளம் இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. சொன்னவருக்கு மறந்து போய்விட்டது, கேட்டவர் வருஷக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டு இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, அப்பா வரமாட்டார் என்ற நம்பிக்கையில், ஞாயிற்றுக்கிழமை படமெடுப்பதையும் முதலாளி இப்படிச் சொன்னதையும் பட்டும் படாமலும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “ஞாயித்துக்கெழமதானே? மில்லு லீவுதான். வந்தர்றேன்” என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். படத்துக்காக என்று ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். எல்லோரும் புதுப் பனியனில், கழுத்து மடிப்புக்கூடக் கலையாமல், தையல் மிஷின்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் பனியன் வாங்கிக்கொள்ளவில்லை, தன் சட்டையிலேயே இருந்தார். கட்டிங் மேஜையைத் தடவிப் பார்த்தார். விரித்திருந்த துணியின் சுருக்கத்தை இரண்டு கையாலும் ஓரத்துக்கு நீவித் தள்ளினார். கத்தி எடுத்துக் கோட்டின்மேல் ஓட்டியதை நண்பன் எடுத்தான். முதல் தடவையே சரியாக வந்தது. நான் வாயைத் திறந்து ‘கட்’ என்றதும் அப்பா பாட்டுக்கு அடுத்த கோட்டையும் வெட்டத் தொடங்கிவிட்டார். அவருக்கு ‘கட்’ என்றால் வெட்டு என்றுதானே அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அடுத்தது அந்த வசனம். நண்பன் கடைசி முயற்சியாகத் தான் எழுதிய சீட்டையே முதலாளி கையில் கொடுத்துவிட்டான். எனக்குத் தெரியாமல் செய்த வேலை. முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், முகம் சுருங்கியது. பெரிய மனுஷனைப் பார்த்து இப்படியெல்லாம் பேச வாய் வராது என்றார். அப்படியானால் உங்களுக்கு எப்படி வருமோ அப்படிச் சொல்லுங்கள் என்று நண்பன் சலிப்போடு சொல்லிவிட்டுக் காமிராவின் சாவியை முறுக்கினான். நான் டேப்பை ஓடவிட்டேன். ஒரு எழுத்துகூட முதலாளியிடம் நான் சொல்லியிருக்கவில்லை, அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். நிஜமான அன்போடுதான் தொட்டார்.

“கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருங்க மாஸ்டர். நானே சொல்லி உடறனுங்க.”

அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. அப்போது நாங்கள் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. பின்னால் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள், அதுவரை காமிராவையே பார்த்து இளித்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தால் அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர்கள் கழுத்துக்கே தெரிந்திருந்தது. புதுப் பனியன் போட்ட ஒரு வரிசையே குனிந்து நூல் பிசிறைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் நேராக நின்று, “ஆகட்டுங்க” என்றார். காமிரா மூச்சு விட்டு நின்றது.

நண்பன் காமிராவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “நாற்காலி ஷாட் வேண்டாம்டா. இதுவே போதும்” என்று என் காதில் சொன்னான். எத்தனை நாள் சண்டை! அத்தனைக்கும் விடை அந்தக் குனிந்த தலைகளில் இருந்தது. மெட்ராஸில் ஆசிரியரும் இந்த இடத்தில்தான் ஒரு தடவை நிறுத்தி, பின்னால் சுற்றி மறுபடி போட்டுப் பார்த்தார். மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள், டேப் குரல் உதட்டசைவோடு சேராமல் தள்ளி ஒட்டிவிட்டது.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி சந்தோஷமாக இருந்தார். தான் நன்றாக நடித்தேனா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். அப்புறம் மேஜையில் வெட்டிக் கிடந்த துணியை விரலால் புரட்டிப் பார்த்து, கோடு இம்மி பிசகவில்லை என்று தலையாட்டினார். மச்சினர் போன மாதமே கோயமுத்தூரில் தனியாகக் கம்பெனி வைத்துப் போய்விட்டாராம், நல்ல மாஸ்டர் அமையவில்லையாம். அப்பாவிடம் வந்து, “பேசாம நாளைக்கே வந்தர்றீங்களா மாஸ்டர்? உங்க எடம் சும்மாதான் இருக்குதுங்க” என்றார்.

அத்தனை மாதம் நாற்காலியில் காத்திருந்தது இதற்குத்தானே.

அப்பா சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டார். சிரித்த முகம்தான்.

“ஆகட்டுங்க மொதலாளி. நான் சொல்லி உடறனுங்க.”

முதலாளி, சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பனியன்களைத் திரும்ப வாங்கப் போய்விட்டார். அவருக்கு அது வெறும் மரியாதையான பதில். நான்தான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அதை அந்த இடத்தில் அப்படிப் போடமாட்டார்.

நண்பன் காமிராப் பெட்டியோடு முன்னால் நடந்தான். நானும் அப்பாவும் பின்னால். ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே நின்றபோது கேட்டுவிட்டேன்.

“அப்பா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?”

“தெரியாமப் போகுமா கண்ணு. சொல்லிப்போட்டு அவரே என் கத்திய எடுத்து அலமாரில வெச்சுப் பூட்டுனாரு. திரும்பக் கூப்புடற ஆளோட கத்திய யாராச்சும் பூட்டி வெப்பாங்களா?”

கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முடியும்வரை பேச முடியவில்லை. முடிந்ததும், அப்படியானால் ஏன் மாதக்கணக்கில் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அத்தனை நாள் அவர் தலை நிமிர்ந்ததெல்லாம் என் கண்முன் வந்து நின்றது.

அப்பா கேட் திறப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்கம்மா நம்பிட்டாளே. காத்தால எந்திரிச்சு அவ போசி கட்டி வெக்கறப்ப, வேலை போயிருச்சுன்னு எப்படிச் சொல்றது? இன்னமும் கூப்புடுவாங்கன்னுதான் இருக்கறா. இன்னைக்கு அவரு கூப்புட்டதும் தெரிய வேண்டாம், போகச் சொல்லி நிப்பா. நீ எதையும் சொல்லீராத சாமி.”

அம்மா அடுக்களையில் சொன்னது என் நாக்கின் நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் ஒருவருக்காக ஒருவர் கட்டிக் காத்த ஒன்றை நடுவில் புகுந்து உடைக்க நான் யார்? தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மா எங்கள் மூன்று பேருக்கும் இலை போட்டிருந்தாள். முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை. பருப்புச் சோறு முடிந்து ரசத்துக்கு வந்தபோதுதான், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலக் கேட்டாள்.

“ஏனுங்க, மொதலாளி ஏதாச்சும் சொன்னாருங்களா?”

நண்பன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “ஆமாம்மா, நாளைக்கே...” என்று ஆரம்பித்தான். முழங்காலால் அவன் தொடையில் ஒரு இடி இடித்தேன். நிறுத்திக்கொண்டான்.

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

“சொல்லி உடறேன்னாரு.”

அம்மா குனிந்து அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

“உடுவாருங்க. அவரு சொன்னா உடுவாரு.”